நோன்பு மறைத்த குடல்

எனக்கு முதலில் தெரிந்த அறிகுறி, வலி நின்று போனதுதான்.

அதற்கு முன்னால் பல மாதங்களாக வலி இருந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிற்றின் வலது அடிப்பக்கம் முறுக்கிப் பிடிக்கும். பிறகு வயிற்றுப்போக்கு. வாயில் அடிக்கடி புண். தென்னூரில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் சொன்னால், "கேஸ்தாங்க, ஒண்ணுமில்ல" என்று ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். நானும் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். சிறுகுடலைக் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்து, பாகம் குறிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிறவள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான்.

அப்போது ரமலான் வந்தது. நோன்பு வைத்த முதல் நாளே பகல் முழுவதும் வலி இல்லை. மறுநாளும் இல்லை. சாயங்காலம் நோன்பு திறந்தபின் கஞ்சி குடித்தேன். குழைந்த கஞ்சி என்பதால் அதுவும் வலிக்காமல் இறங்கியது. வடை, சமோசா தின்ற அன்று மட்டும் கொஞ்சம் பிடித்தது. சரி, வடையை விட்டுவிட்டேன். மாதம் முடிவதற்குள் எனக்கு ஒரு உறுதி வந்துவிட்டது. என் நோய்க்கு மருந்து நோன்புதான், அல்லாஹ் எனக்கு வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் தொழுகைப் பாயிலேயே அழுதேன்.

பெருநாள் அன்று பிரியாணி. அன்று பட்ட பாடு சொல்லி மாளாது.

அதனால் பெருநாளுக்கு மறுநாளே, ரமலானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பைத் தொடங்கினேன். அது முடிந்ததும் திங்கள், வியாழன் நோன்பு. (இவை கட்டாயமில்லாதவை. விரும்பியவர்கள் வைப்பது.) பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் மாமிக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "ரமலான் போயும் நோன்ப விடல பாத்தீங்களா என் மருமக? டீச்சர் வேல பாத்துக்கிட்டு, பஸ்ல நின்னுக்கிட்டே போயிட்டு வந்து! எல்லாருக்கும் அமையுமா இது?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். யாராவது நம்மைப் புகழ்ந்தால் கசக்கவா செய்யும்?

புடவைக்குள் இடுப்பு சிறுத்துக்கொண்டே போனது. அதற்கும் பாராட்டுதான் கிடைத்தது. "என்னக்கா, இளைச்சு அழகாயிட்டீங்க" என்றார்கள்.

வித்தியாசமாகப் பார்த்தவள் ஒருத்திதான். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் வைதேகி. ஸ்ரீரங்கத்துக்காரி, ஏகாதசி தவறாமல் உபவாசம் இருப்பவள். ஸ்டாஃப் ரூமில் எங்கள் இருவருக்கும் இது ஒரு விளையாட்டு. "இன்னிக்கு ஒன் கட்சியா, என் கட்சியா?" என்று கேட்டுக்கொண்டு, அன்று விரதம் யாருக்கானாலும், மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நாங்கள் இருவரும் வராந்தாவுக்குப் போய்விடுவோம். ஒருநாள் அங்கே நிற்கும்போது சொன்னாள்.

"ஏன்டி ஜமீலா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. ஏகாதசி இருந்தா மறுநாள் காலம்பற எப்படா சாதத்தைக் கண்ணால பாப்போம்னு இருக்கும் எனக்கு. நீ என்னடான்னா சாப்படற நாள்லதான் பயந்து சாகறே. நோம்பு இல்லாத அன்னிக்குப் பூரா வயித்தைப் பிடிச்சுண்டு ஒக்காந்திருக்கே. இது பக்தி மாதிரி எனக்குத் தோணலை. டாக்டர்ட்ட போ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழமும் பாலும் சாப்பிட்டுக்கொண்டு விரதம் இருக்கிறவளுக்குப் பச்சைத் தண்ணீர் படாத நோன்பைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமினேன். வாயால், "எனக்கு ஒண்ணுமில்ல வைதேகி, கேஸ்தான்" என்றேன். அன்று அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் என் குடல் முழுசாக இருந்திருக்கும். இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. நோன்பு வைக்கக் கூடாத நாள் அது. வருடத்தில் அப்படிச் சில நாட்கள் உண்டு. எல்லாரும் புதுத்துணி போடுகிற அந்த நாளை நினைத்து நான் ஒரு வாரமாகக் கலங்கிக்கொண்டிருந்தேன். குர்பானி கொடுத்த ஆட்டின் கறியை மாமி தன் கையால் ஆக்கித் தட்டில் வைத்து, "வருஷம் பூரா வயித்தக் கட்டுறே, இன்னிக்காவது நல்லா சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் வயிறு உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. வாந்தி நிற்கவில்லை. என் தம்பி காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தில்லைநகரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் இறக்கினார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கொஞ்சம் தேறியதும் பெருங்குடல் உள்நோக்கி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்ப்பது), திசுப் பரிசோதனை. குடலில் வரும் காசநோயும் இதே மாதிரி இருக்குமாம். அது இல்லை என்று உறுதியாக நாள் பிடித்தது. கடைசியில் பெயர் சொன்னார்கள். கிரோன் நோய் (செரிமானப் பாதையில் விட்டுவிட்டு வரும் நாள்பட்ட அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து புண்ணாகிற நிலை). எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்.

குடல் நோய் மருத்துவர் ஒரு பெண்மணி. அதிர்ந்து பேசாதவர். ஸ்கேன் படத்தில் என் குடல் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்ததைக் காட்டினார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மருந்துல அடக்கிப் பாத்திருக்கலாம்மா. வெறும் வீக்கம்னா மருந்துக்குக் கேக்கும். இது தழும்பா மாறிடுச்சு. தழும்புக்கு மாத்திரை கிடையாது."

"அப்ப ஆபரேஷனா?"

"ஆமாம்மா. அந்தத் துண்டை எடுத்துத்தான் ஆகணும்."

வெளியே நடைவழியில் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நான் ஆக்கிப் போட்ட கறியாலயா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை மாமி, கறி வெறும் சாக்கு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, கொஞ்சம் எழுந்து நடக்க ஆரம்பித்தபின், மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இந்த நோய் வந்த எல்லாரும் கேட்பது. எனக்கு ஏன் வந்தது?

அவர் சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை இருக்க வேண்டியதுதான். ஆனால் குடல் சுவரை ஒட்டி வந்துவிடக் கூடாது. அதற்காகச் சிறுகுடல் சுவரின் நுண்குழிகளுக்கு அடியில் பனேத் செல்கள் என்று சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை டிஃபென்சின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளைச் (அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகள், கிருமியின் உறையைத் துளைத்துக் கொல்பவை) சுரந்துகொண்டே இருக்கின்றன. "மேல்நிலைத் தொட்டியில குளோரின் போடுறாங்கல்ல, அந்த மாதிரி. உங்க உடம்பே போட்டுக்குது" என்றார் மருத்துவர்.

என்னைப்போல் சிறுகுடலின் கடைசியில் நோய் வந்தவர்கள் பலரிடம் இந்தப் பெப்டைடுகள் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்களாம். அவை குறைந்தால் கிருமிகள் சுவரை நெருங்கும். எதிர்ப்புச் சக்தி பதறியடித்துச் சண்டைக்கு வரும். சண்டை நிற்காது. புண்ணாகும், ஆறும், தழும்பாகும். ஆனால் பெப்டைடு குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது குறைந்ததா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பரம்பரை, உணவு, வேறு பல காரணங்களும் கலந்திருக்கின்றன. பெப்டைடையே மருந்தாகக் கொடுக்கும் காலம் வரலாம், இன்றைக்கு வரவில்லை.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "நான் பட்டினி கெடந்ததாலதான் அது கொறஞ்சு போச்சா மேடம்?"

"உங்க விஷயத்துல அப்படிச் சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லம்மா. ஒண்ணு மட்டும் நிச்சயமா சொல்லுவேன். நோன்பு இந்த நோயை உண்டாக்கல. நோன்பு அதை மறைச்சிருச்சு. சுருங்கின குழாயில எதுவும் போகலைன்னா எப்படி வலிக்கும்?"

எத்தனை வருடமாக வகுப்பில் உணவுப்பாதையை வரைந்திருக்கிறேன்! இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வெட்டி எடுத்த துண்டின் படத்தை அறுவை மருத்துவர் தன் போனில் காட்டினார். தசை தடித்து, உள்ளே வழியே இல்லாமல் கிடந்தது. எனக்காக மருந்து சுரந்து தோற்றுப்போன செல்களும் அதற்குள்தான் இருந்தன. அவை இருப்பதையே நான் அறிந்திருக்கவில்லை. பாவமாக இருந்தது.

என் கணவர் நஸீர் கத்தாரில் வேலை பார்க்கிறார். லீவு போட்டு வந்து ஆபரேஷன் முடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது, என்னை அரித்துக்கொண்டிருந்ததை அவரிடம் கேட்டேன்.

"மச்சான், நான் வச்சதெல்லாம் நோன்பா, வலி மாத்திரையா?"

"அத நான் எப்படிச் சொல்ல முடியும் ஜமீலா? நிய்யத்து உனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. மனசுல என்ன நெனச்சு வச்சியோ அதுதான்." பிறகு அவரே கேட்டார். "ஆனா வாரா வாரம் போன் பண்ணினேன்ல? வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னே சொன்னியே."

வலி நின்ற அந்த ரமலானின் நோன்பு அல்லாஹ்வுக்காக வைத்தது, அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு வைத்தவற்றில் எது அவனுக்கு, எது என் வயிற்றுக்கு என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. குடலில் ஒரு துண்டு போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். அதனால் ஒரே ஒரு ஆசை வைத்திருந்தேன். வலியே இல்லாத உடம்போடு, அடுத்த ரமலானில், அவனுக்காக மட்டும் நோன்பு வைக்க வேண்டும். ஒன்றாவது வைத்துவிட வேண்டும்.

உடம்பு தேறியது. எடை ஏறியது. வெட்டி எடுத்த அந்தக் கடைசிப் பகுதிதான் பி12 வைட்டமினை உறிஞ்சுமாம். அது இல்லாததால் இனி ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு முன்போல் சொல்பேச்சுக் கேட்பதில்லை. தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை எந்த இடத்தில் கழிவறை உண்டு, அதில் எதற்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால் மட்டும் இன்றும் உயிர் போய் உயிர் வருகிறது.

ரமலானுக்கு முன்னால் மறுபடி உள்நோக்கிப் பரிசோதனை. குடலை இணைத்த இடத்தில் சின்னச் சின்னப் புண்கள் மறுபடியும் தெரிந்தன. மருத்துவர் மருந்தை மாற்றினார். வேளைக்கு மாத்திரை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உணவு, தண்ணீர் குறையவே கூடாது.

"ஒரே ஒரு நோன்பு மேடம்" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

"இந்த வருஷம் வேண்டாம்மா. அடுத்த வருஷத்துக்கும் இப்பவே நான் வாக்குக் கொடுக்க முடியாது."

நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. விட்ட நோன்புக்கு ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். அதை மனதாரச் செய்கிறோம். குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது சாப்பிட்டால் வலித்து, சாப்பிடாமல் இருந்தால் நின்றுபோகிறதா? விரதமோ, நோன்போ, டயட்டோ, பயணத்துக்காகக் கிடக்கிற பட்டினியோ, எதுவாக இருந்தாலும் சரி. வலி நின்றதே என்று நிம்மதியடையாதீர்கள். டாக்டரிடம் போங்கள். உங்களை யாராவது புகழ்ந்தால் இன்னும் சீக்கிரமாகப் போங்கள்.

ரமலான் பிறந்தது. நோன்பு வைக்கிறவர்களுக்குப் பகல் என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும். ஒவ்வொரு மணி நேரமும், நோன்பு திறக்கிற மஃரிப் வேளையை நோக்கிக் கொஞ்சம் நகரும். என் பகல் அப்படி நகரவில்லை. காலையில் இட்லி, அப்புறம் மோர், மதியம் குழைந்த சாதம், மாத்திரை, மறுபடி ஏதாவது. எல்லா நேரமும் ஒரே நேரமாக இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் எல்லாரோடும் விரிப்பில் உட்கார்ந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நானும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் மாமி தம்ளரை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பகல் முழுவதும் காய்ந்த தொண்டையிலிருந்து வருகிற அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தாகமே இல்லை. அந்த ஒரு மிடறு தண்ணீருக்காக, எழுபது வயதுக் கிழவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்து அழுதேன்.