ரிவர்ஸ் எடுக்க மாட்டேன்

நான் கார் வாங்கிய காலத்தில் திருப்பூரில் வண்டியை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள். ஸ்கார்பியோ என்றால் கட்சிக்காரர், இல்லையென்றால் நேற்றுப் பணம் பார்த்தவர். அம்பாசடர் என்றால் பழைய மில் முதலாளி. குவாலிஸ் என்றால் துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையரைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிற எக்ஸ்போர்ட்காரர். மாருதி எண்ணூறு என்றால் ஓட்டத் தெரியாதவர். அதையும் பொம்பளை ஓட்டினால் கேட்கவே வேண்டாம், பின்னாலேயே ஹாரன் அடிப்பார்கள்.

என்னுடையது பழைய வெள்ளை மாருதி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, டெய்லராக இருந்து, நாலைந்து மெஷின் போட்டு நானும் என் வீட்டுக்காரரும் பெரிய கம்பெனிகளிடம் ஜாப்வொர்க் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு ஸ்டீயரிங் என்றாலே பயம். அதனால் ஓட்டுவது நான்தான். வெட்டிய பனியன் துணிக் கட்டுகளைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு தினமும் போய்வருவேன்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரரோடு சாமளாபுரம் பக்கத்திலிருந்து திரும்புகையில் நொய்யல் ஆற்றுத் தரைப்பாலத்தில் முக்கால்வாசி வந்துவிட்டேன். ஒரு வண்டிதான் போகமுடியும். எதிரே ஒரு கறுப்பு ஸ்கார்பியோ, நான் வருவதைப் பார்த்துக்கொண்டே பாலத்தில் இறங்கியது. ஓட்டிவந்தவர் லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டினார். நான் அசையவில்லை. இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை. குரலில் அவ்வளவு மரியாதை.

“ஏனுங்க, ரிவர்ஸ் வராதுங்களா? சாவியக் கொடுங்க, நானே எடுத்து உடறேன்.”

“நல்லா வரும். ஆனா எடுக்க மாட்டேன். மொதல்ல பாலத்துல வந்தது நான்.”

“இந்த எண்ணூறு ஓட்டறவங்களோட இதே ரோதனைங்க,” என்றார். என்னிடம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் என் காதருகில், “ஏளா, எடுத்துருளா. பெரிய எடமா இருக்கப் போவுது,” என்றார்.

பெரிய இடம்! எனக்குச் சுருக்கென்றது. இன்ஜினை அணைத்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தேன். பசியே இல்லை. இருந்தாலும் விடாமல் மென்றேன். கீழே சாயத்தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கார்பியோக்காரர் யாருக்கோ போன் போட்டார், வாட்ச்சைப் பார்த்தார், என் வீட்டுக்காரரை முறைத்தார். என் வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்தார்.

கடைசியில் கதவை அறைந்து சாத்திவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். ஓரிடத்திலும் தடுமாறாமல், நூல் பிடித்த மாதிரி எடுத்தார். எனக்கே ஆச்சரியம். ஸ்கார்பியோக்காரருக்கு முன்னால் பாயத்தான் தெரியும் என்று நானும் நினைத்திருந்தேன் போல. அவரைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கி, “நல்லா ஓட்டுதீங்க,” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் டீ நேரத்தில் என் வீட்டுக்காரர் தையல் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒரு இஞ்சு பின்னால போவலையே நாங்க!” அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொழில் கொஞ்சம் தேறியதும், “பெரிய வண்டியா வாங்குங்க, அப்பத்தான் மதிப்பாங்க,” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்னொரு எண்ணூறுதான் வாங்கினேன். இந்தத் தடவை சிவப்பு.