நாங்களே கொட்டிய மண்

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லையோரம் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பாலக்காடு டவுனிலிருந்து போனவள். ஏரி, குட்டை, சதுப்பையெல்லாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் தொண்டை வற்றப் பாடம் நடத்தினேன். நேரில் பார்த்தால் புரியுமே என்று ஏரிக்கும் கூட்டிப் போனேன். பாதிப் பேர் கொக்கின்மேல் கல் எறிந்தார்கள். மீதிப் பேர் நண்டு பிடித்து ஒருத்தியின் பாவாடையில் விட்டார்கள். என் செருப்பு ஒன்று சேற்றோடு போனது. பொறுமை அதற்கு முன்பே போயிருந்தது.

மறுநாள், தண்ணீர் தேங்கும் நிலத்தால் என்ன பயன் என்று கேட்டேன். ஆளாளுக்கு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். எரிச்சலில் பிரம்பை எடுத்துவிட்டேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் அவள் வீடு.

"ஏனுங்க டீச்சர், தண்ணி நிக்கற எடத்த மூடக் கூடாதுங்கறீங்க. வெள்ளிக்கெழமயானா எங்களையே மண்ணு கொட்டச் சொல்றீங்களே?"

எனக்குச் சுரீரென்றது. பள்ளிக்குப் பின்னால் கோரை மண்டிய ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். அதை மூடி மைதானமாக்குவது ஹெட்மாஸ்டரின் ஆசை. ஓணம் லீவு முடிந்ததிலிருந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மண்கூடை கைமாற்ற வைத்தவள் நான்தான். எனக்கு அது வெறும் கொசுக்குழி.

அங்கே தண்ணீர் நின்றால்தான் அவள் வீட்டுக் கிணறு கோடை வரை ஊறுமாம். இந்த வருஷம் தையிலேயே அடி தெரிகிறதாம்.

"டீச்சர் கோவிச்சுக்குவாங்க, சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க" என்று முடித்தாள்.

பிரம்பை வைத்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் போனேன். இனி என் வகுப்பு மண் சுமக்காது என்றேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவரிடம் எதைக் காட்டுவது என்று குதித்தார். மற்ற வகுப்புகளை வைத்து இரண்டு வாரம் கொட்டவும் செய்தார். விடாமல் நச்சரித்து, ஒரு சாயங்காலம் அந்தக் கிணற்றடிக்கு அவரை அழைத்துப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா வாளியை இறக்கினார். பாதிக்கு மேல் சேறாக வந்தது. ஹெட்மாஸ்டர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கூடைகள் வெளியே வரவில்லை.

பள்ளத்தில் பாதிதான் மிஞ்சியது. மூடியதைத் தோண்டித் தரச் சொல்லி எவ்வளவோ கேட்டும் யாரும் அசையவில்லை.

அந்தப் பெண் அன்று அம்மா சொல்லைக் கேட்டு வாயை மூடியிருந்தால், மீதியையும் மூடிவிட்டு, நல்ல டீச்சர் என்ற பெயரோடு நான் ரிட்டயராகியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருவது பிள்ளைகள்மேல் அல்ல, என்மேல்தான்.