தலைத் திவசத்துக்கு முன் ஏறிய மலை

போன வருஷம் தை மாதம், அந்தமானில் ஒரு தீவு. தீவு மொத்தமும் தேசியப் பூங்கா. முன்னால் வெள்ளை மணல் கடற்கரை, அதை ஒட்டியே மழைக்காடு. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறி உச்சிக்குப் போனால் மறுபக்கக் கடலும் தெரியும் என்றார்கள்.

எங்களுக்குப் போடி. நானும் என் வீட்டுக்காரரும் ஏலக்காய் வியாபாரம். மலையில் தோட்டக்காரர்களிடம் வாங்கி, கீழே கொண்டுவந்து தரம் பிரித்து விற்போம். ஊர் வியாபாரிகள் குடும்பத்தோடு போகும் இந்தச் சுற்றுலாவுக்கு ஆசை ஆசையாகப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அதற்கு முந்தைய வைகாசியில் மாரடைப்பு வந்து போய்விட்டார். நீயாவது போய்விட்டு வாம்மா என்று மகள் பிடிவாதமாக என்னை அனுப்பிவைத்தாள்.

என் வீட்டுக்காரரின் அக்காவும் அந்தக் குழுவில் இருந்தார். தலைத் திவசம் முடியாமல் கடல் தாண்டலாமா என்று முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு, விமானத்தில் போனால்தான் கால் நனையாதே என்று அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். அவருக்கும் ஊர் சுற்ற ஆசை, துணைக்கு ஆள் வேண்டுமே!

தீவில் இறங்கிக் கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தோம். வனத்துறைப் பெண் காவலர் ஒருவர் வந்து, மலைப்பாதைக்கு வருகிறவர்கள் வரலாம் என்றார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன். நாத்தனார் என் கையை எட்டிப் பிடித்தார்.

"எங்கன கெளம்பிட்ட? தலைத் திவசம் கழியாம மலை ஏறலாமா? ஊருல நாலு பேரு என்ன சொல்வாக? இங்கனயே உக்காரு."

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிற ஊரில் இப்படி ஒரு வழக்கம்! கூட வந்தவர்கள் எல்லாரும் திடீரென்று கடலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் போன காவலர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய.

"அக்கா, உங்களுக்கு வரணும்னு இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பூ வைக்காதே, கல்யாண வீட்டில் முன்னால் நிற்காதே என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. அழுகை வரும் என்று பார்த்தால், கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மதினி, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே என்னைய ஜீப்புல ஏத்தி விட்டீகளே, மறந்து போச்சா? வாங்கிப்போட்ட காய் தோட்டத்துல கெடக்கு, நீ போகாட்டி யாரு போவான்னு கேட்டீகளே? அன்னைலருந்து வாரம் தவறாம ஏறிக்கிட்டுத்தான இருக்கேன். பொழப்புக்கு ஏறுனா அது மலையில்ல, ஆசைக்கு ஏறுனாத்தான் மலையா?"

நாத்தனார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"ஏறு ஆத்தா, நல்லா ஏறு. என் தம்பி திவசத்துக்கு நான் வரமாட்டேன், பாத்துக்க."

அது சுருக்கென்று தைத்தது. என் வீட்டுக்காரருக்கு உடன்பிறப்பு என்று இருப்பது இவர் ஒருவர்தான். இவரே வராவிட்டால் ஊர் வாய்க்கு அவல் போட்ட மாதிரி. அதைவிட, போனவருடைய ஆத்மா குறைப்படுமோ என்ற பயம். கால் தயங்கியது உண்மை. ஆனாலும் நடந்தேன்.

சுவர் மாதிரி நிற்கும் வேர்கள், தலைக்கு மேலே பிரம்புக்கொடி, காது கிழியும் பூச்சிச் சத்தம். காடு எனக்குப் புதிதில்லை, காட்டுக்குள் உப்புக்காற்று அடிப்பதுதான் புதிது. வழக்கமாக மலை ஏறும்போது காய் ஈரமாக இருக்குமா, ஜீப் டிரைவர் காத்திருப்பாரா என்றே மனசு ஓடும். அன்றைக்கு எதையும் நினைக்காமல் நடந்தேன். உச்சியில் இரண்டு பக்கமும் கடல். அங்கே நின்று, யாரைப் பற்றியும் கூச்சப்படாமல் வாய்விட்டு அழுதேன். காவலர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

வைகாசியில் திவசம் வந்தது. நாத்தனார் சொன்னபடியே வரவில்லை. உச்சிப்பொழுது தாண்டும்வரை காத்திருந்து, காக்கைக்குச் சோறு வைத்தோம். கட்டிய பெண்டாட்டியே மதிக்கவில்லை என்று ஊரும் பேசியது, இன்னும் பேசுகிறது. எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் நாளைக்கே அந்தக் கடற்கரையில் மறுபடி என்னை நிறுத்தினாலும் ஏறத்தான் செய்வேன். அவர் போன பிறகு குடும்பத்துக்காக எத்தனையோ தடவை மலை ஏறிவிட்டேன், எனக்காக ஏறியது அது ஒன்றுதான்.