மாஸ்டர் வெட்டிய வெள்ளைத் துணி

இசக்கிமுத்துவை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், கையில் இருந்த சீட்டை நான் பார்த்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என் கையிலும் அதே சீட்டுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிற அதே ஊசிதான்.

"ஏனுங்க, ப்ராஸ்டேட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, கல்லடைப்பு."

"கல்லடைப்புக்கு இந்த ஊசி போட மாட்டாங்க" என்றேன். சோமனூரில் முப்பது வருடம் தறி ஓட்டியவன் நான். அந்தச் சத்தத்தில் கத்தியே பேசிப் பழகிய வாய். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அன்று படவில்லை.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, எதிரே இருந்த பேக்கரியில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறி வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். எண்பது அடுக்குத் துணியை விரித்து மெஷின் கத்தியை ஓட்டினால், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நூல் அளவு வித்தியாசம் இருக்காது என்று பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல் சொன்னதில்லை.

ஒன்றுக்குப் போக முக்கிக்கொண்டு நின்ற இரண்டு வருடமும் அதைச் சூடு என்றே நினைத்திருக்கிறார். கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார். ஷிப்டு நடுவே மேஜையை விட்டுப் போகக் கூடாதென்று தண்ணீரைக் குறைத்தார். முதுகு வலித்தபோது, நாளெல்லாம் நிற்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும் என்றார். கண்டுபிடித்தபோது ப்ராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பிலும் இடுப்பிலும் இறங்கியிருந்தது. குணமாக்க முடியாது, தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடைப்பு எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் தன்னால் கசிந்தது. வீட்டில் கல்லடைப்பு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். அவர் மனைவி மூக்கம்மாள் அதே கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்தார். அவரும் நம்பிவிட்டார்.

அதிலிருந்து செவ்வாய்தோறும் அந்தப் பேக்கரியில் சந்தித்தோம். மூன்றாவது ஆள், அதே நோய்க்கு அதே ஊசி போட வந்த, பொங்கலூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நல்லான். எங்கள் பேச்சை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஊசியால் குப்பென்று உடம்பு எரிவது, மார்பு பெண்பிள்ளைக்குப் போல மெத்தென்று ஆனது, ஆசை என்ற ஒன்று அற்றுப்போனது. என் மனைவி சித்ரகலாவுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். ஆனாலும் இதையெல்லாம் அவளிடம் எப்படிப் பேசுவது? இவர்களிடம் பேச முடிந்தது. சில செவ்வாய்களில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறோம். நான் உயிரோடு இருக்க விரும்பியதற்கு அந்த இரண்டு பேர்தான் காரணம்.

கடையில் விற்கும் டயப்பர் கட்டினால் வெயிலுக்குத் தொடை வெந்துவிடும் என்று ஒருநாள் நல்லான் அழாத குறையாகச் சொன்னார். அடுத்த வாரம் மாஸ்டர் ஒரு பை கொண்டுவந்தார். கட்டிங்கில் கழித்த வெள்ளைப் பனியன் துணி. எட்டு மடிப்பு, ஒரே அளவு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்தது. மூன்று பேருக்கும் வாரா வாரம் அவரே வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்தத் துணிதான் வினையாகிப்போனது. திருப்பூரில் வீட்டு விலக்குக்கு இந்த வேஸ்ட் துணியை மடித்து வைக்காத பெண் குறைவு. மூக்கம்மாள் புருஷன் பையைத் திறந்தபோது, சரியாக அந்த அளவில், அத்தனை அக்கறையாக வெட்டிய முப்பது துணிகள் இருந்தன. அவருக்கு அது நின்று பல வருடம் ஆகிவிட்டது. புருஷனோ புழுக்கம் என்று சொல்லிப் பாயைத் தனியே போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எவளுக்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் வாயே திறக்கவில்லை.

"சொல்லிப் போடுங்க மாஸ்டர். அந்தம்மா என்ன நினைக்கும்?" என்றேன்.

"பொம்பளை வச்சிருக்கேன்னு நெனைக்கா. நெனைச்சுட்டுப் போட்டும் அண்ணாச்சி." சொல்லும்போது அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. "அப்படியாவது நான் ஆம்பளையா இருந்துட்டுப் போறேன்."

எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. மாறாக, நானாக அந்தம்மாவிடம் சொல்வதில்லை என்று அவர் கையில் சத்தியம் செய்து கொடுத்தேன். ஏனென்றால் அந்தச் சிரிப்பு எனக்கும் புரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனசில் இருந்ததையெல்லாம் எங்களிடம் இறக்கி வைத்துவிட்டு லேசாகப் போனவருக்கு, வீட்டில் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போனது. நாங்கள் கொடுத்த ஆறுதலில்தான் அவர் ஒளிந்துகொண்டார்.

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூக்கம்மாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். நேராக எங்கள் மேஜைக்கு வந்து, மாஸ்டரின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். டீ கிளாஸ்களுக்கு நடுவே வெள்ளைத் துணிகள் விழுந்தன.

"எங்க அவ? இங்கதான வருவா? வரட்டும், பாக்கேன்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் செய்த நானும் குனிந்துகொண்டேன். நல்லான்தான் ஒரு துணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை.

"அம்மிணி, இது எங்க மூணு பேருத்துக்குமுங்க. ஒண்ணுக்கு நிக்கறதில்லீங்க. பொம்பளை யாருமில்லீங்க. புத்துநோயிங்க. மாஸ்டருக்கு எலும்புக்கே போயிருச்சுங்க."

அந்தம்மாவின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. பொம்பளை இல்லை. நான் பார்த்தேன், மாஸ்டரும் நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் மீதிச் சொல் உள்ளே போனது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுட்டு வந்துட்டேனே."

அந்தக் கோயிலைத் தெரியாதவர் எங்கள் பக்கம் இல்லை. அநியாயம் நடந்தவர்கள் அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி, தப்பு செய்தவர்கள் எரியட்டும் என்று கேட்பார்கள்.

"எனக்குத் துரோகம் பண்ணுன ஒடம்பு எரியணும்னு கேட்டேன். எரியுது எரியுதுன்னு இவுக சட்டையக் கழட்டிட்டு ஃபேனுக்கடியில கெடக்கையில, ஆத்தா கேட்டுட்டான்னு சந்தோசப்பட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்துபோய் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். இடுப்பு வலியில் அவரால் குனிய முடியவில்லை.

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். கடைசி இரண்டு மாதம் காலும் விழுந்துவிட்டது. மூக்கம்மாள் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். இடையில் இரண்டு தடவை ஆனைமலைக்குப் போய் அம்மனைக் குளிர வைத்துவிட்டு வந்தார். எரிச்சல் ஊசியால் வருவது, எனக்கும் வருகிறது, நோய் அதற்கு முன்னாலேயே வந்தது என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

காரியம் முடிந்து கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"நீங்க ஊசின்னு சொல்லுதிய அண்ணாச்சி. நான் அரைச்சது எனக்குத் தெரியும்லா."

நான் எந்த வார்த்தை சொன்னாலும் இனி அந்தம்மாவுக்குள் போகாது. போகக்கூடிய காலத்தில், முப்பத்திச் சொச்சம் செவ்வாய்க்கிழமைகளில் ஏதாவது ஒன்றில், நான் பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை கொடுத்த சத்தியமாம்.