மேனுவலில் இல்லாத பொட்டு

“எனக்கு ஆளே வேண்டாம்மா. மேனுவல் ஒண்ணு கையில இருந்தா ராக்கெட்டைக்கூடத் தனியா மாட்டி மேல அனுப்பிடுவேன்.”

ஒரத்தநாடு சந்தானகிருஷ்ணன் தம் மகள் ஹம்சத்வனியிடம் போனில் செய்த பிரகடனம் இது. அவர் மனைவி போய் நான்கு வருடமாகிறது. தன்னோடு சிட்னிக்கு வந்து இருக்கும்படி மகள் கூப்பிட்டதற்குப் பதில். ராக்கெட் கிடைப்பது சிரமம் என்பதால் அவள் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய மோஸ்தர், அதுவும் துண்டு துண்டாக. ஒரு பச்சைப் பலகை, ஒரு சின்னத் திரை, பூரான் மாதிரி கால் முளைத்த பதினோரு சிப்புகள், எண்பது பக்க மேனுவல்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவதை விட்டால், ராங் நம்பர்காரர்கள்தான் அவரிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். ‘நீங்கள் அடிப்பதற்கு இயந்திரம் பதில் தரும்’ என்று மேனுவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவர் மூன்று முறை படித்தார்.

ஆயுதபூஜை வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்சம், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போய், டப்பாவில் கிடந்த சிப்புகளிலேயே பெரியதற்கும் ஒன்று வைத்தாள். சார் அப்போது மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். மறுநாள் அவள் சம்பா நடவுக்குப் போய்விட்டாள்.

சார் ஒற்றை ஆளாக ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். சிப்பின் ஒரு முனையில் அடையாளம் இருக்கும், அது மேலே வர வேண்டும் என்றது மேனுவல். பெரிய சிப்பில் சிவப்பாக ஒரு புள்ளி மங்கித் தெரிந்தது. கம்பெனிக்காரனின் அக்கறையை மெச்சி, அதை மேலே வைத்து, சிப்பை அதன் சாக்கெட்டில் அழுத்தினார். ஸ்விட்சைப் போட்டார். திரை வாயைத் திறக்கவில்லை.

அடுத்த பத்தொன்பது நாளும் ஐப்பசி மழை கொட்டியது. அவர் சாக்கெட்டுகளின் கால்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி மறுபடி பற்றவைத்தார். மகள் கேட்டபோது, பிரமாதமாக வேலை செய்கிறது, காலையில்கூட ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் வெகுநேரம் அந்தத் திரைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

நடவு முடிந்து, சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவிய காலோடு அம்சம் வந்தாள். கூட்டிக்கொண்டே மேஜைப் பக்கம் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

“நான் வச்ச பொட்டு இன்னும் அழியலையே சார்.”

“எந்தப் பொட்டு?”

“பூசைக்கு வச்சதுதான். அதுலயே இதுதான் பெருசா இருந்துச்சு. சரி, இதுதான் மூத்ததுன்னு வச்சேன்.”

சார் லென்ஸை எடுத்தார். மறுமுனையில், கறுப்பில் கறுப்பாக, எறும்பு கடித்த அளவுக்கு ஒரு பள்ளம். மேனுவல் சொன்ன அடையாளம் அதுதான். சிப்பைக் கழற்றி, திருப்பிப் போட்டு, ஸ்விட்சில் விரலை வைத்தார். ராக்கெட் அனுப்ப இருந்தவருக்கு அதைத் தனியாக அழுத்த மனம் வரவில்லை. அம்சம் கிளம்புவதற்கு வாளியைத் தூக்கிவிட்டாள்.

“அம்சம், கொஞ்சம் இரேன்.”

நான்கு வருடமாகப் பழைய பேப்பர் சுமந்துகொண்டிருந்த எதிர் நாற்காலியைக் காலி செய்து, தம் துண்டாலேயே துடைத்தார். அவள் தயங்கி உட்கார்ந்த பிறகுதான் ஸ்விட்சைப் போட்டார். திரையின் மூலையில் பச்சைக் கோடு ஒன்று கண்சிமிட்டியது.

“அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதான்” என்றார் அவர். “காபி போடறேன். குடிச்சுட்டுப் போ.”