மின்விசிறிகள் நின்ற நேரம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் குரல் போயிருந்த நாட்களில் ஆண்டவர் என்னைப் பேச வைத்த விதத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போது அதை எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் ஊர் முக்கூடலுக்கு வந்த இடத்தில் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் விட்ட காலையில், "அம்மா" என்று கூப்பிட்டேன். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. அடுக்களையில் நின்ற அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொண்டைப் புண் என்று நினைத்தோம். உப்புநீர், மிளகுக் கஷாயம், எதற்கும் மாறவில்லை. புத்தாண்டு ஆராதனையில் சபை முழுவதும் பாடியபோது நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

பாளையங்கோட்டையில் தொண்டை மருத்துவர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களில் ஒன்று அசையவில்லை. காய்ச்சலில் அதன் நரம்பு செயலிழந்திருக்கலாம் என்றார். "பல பேருக்கு சில மாசத்துல தானா வந்துரும். சிலருக்கு வராமலும் போகும். உறுதியா சொல்ல முடியாதும்மா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ, சத்தம் போட்டுப் பாக்காத."

அன்று மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அம்மா பீடி சுற்றுகிறவர்கள். அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார்கள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. வங்கியில், தாலுகா அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில் எங்கே போனாலும் நான் முன்னால் நின்று பேசுவேன், அவர்கள் என் பின்னால் நிற்பார்கள். எங்கள் வீட்டுக்கு வாய் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமையைத் தந்தவரும் ஆண்டவர்தான். ஒருநாள் கல்லூரியில் ஆசிரியையாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. குரல் இல்லாத ஆசிரியை எங்கே இருக்கிறாள்?

மே மாதத்தில் ஆய்வுத்திட்ட வைவா இருந்தது. துறையின் அரங்கில் எல்லார் முன்னிலையிலும் நின்று, நம் ஆய்வை விளக்கி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரின் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். என் ஜெபம் ஒரே ஜெபமாகச் சுருங்கிப்போனது. "ஆண்டவரே, வைவாவுக்கு முன்னால் என் குரலைத் திருப்பித் தாரும்."

ஜனவரியில் எங்கள் வீட்டில் எனக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள். சபைப் பெண்களை நடத்துகிறவர்கள் எங்கள் தங்கபுஷ்பம் சித்தி. விசுவாசத்தில் மலை போன்றவர்கள். அவர்கள் ஜெபித்தால் தெருமுனைக் கடையில் இருப்பவர்களும் ஆமென் சொல்வார்கள், அவ்வளவு சத்தம். எங்கள் பக்கத்தில் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்வதுதான் விசுவாசத்துக்கு அடையாளம். வாயைத் திறக்காதவளுக்கு நம்பிக்கை குறைவு என்று நினைப்பார்கள்.

சித்தி என் தலையில் கை வைத்தார்கள்.

"ஏட்டி பொன்மலர், டாக்டர் சொன்னது இருக்கட்டும். வாயத் தொறந்து ஸ்தோத்திரம்னு சத்தமா சொல்லு. நீ ஒரு அடி எடுத்து வச்சாத்தான அவரு கைய நீட்டுவாரு?"

அம்மா தயங்கினார்கள். "சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லிருக்காவளே..."

"அது மனுசன் சொன்னது. நீ சும்மா இரி."

எனக்கும் ஆசைதான். அடிவயிற்றிலிருந்து முழுப் பலத்தோடு கத்தினேன். தகரம் கிழிவதுபோல் ஏதோ ஒரு சத்தம் வந்தது. "வந்துட்டு! வந்துட்டு!" என்று பெண்கள் அழுதார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் இன்னும் கத்தினேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மூச்சு முட்டும்வரை கத்தினேன்.

மறுநாள் விழித்தபோது, முந்தின நாள் இருந்த காற்றுக் குரலும் இல்லை. எச்சில் விழுங்கவே வலித்தது. மருத்துவர் என்னைத் திட்டவில்லை, அம்மாவைத் திட்டினார். இனி சில வாரங்களுக்கு உதட்டைக்கூடப் பேசுவதற்கென்று அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அப்படியே விடுதிக்குத் திரும்பினேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிற இடம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வரும் பேருந்தில் பாட்டுச் சத்தம், உணவுக்கூடத்தில் தட்டுச் சத்தம், வராந்தாவில் போன் பேச்சு. அத்தனைக்கும் நடுவில் நான் ஊமையாக நடந்தேன். வகுப்பில் பதில் தெரிந்த கேள்விக்கும் கை தூக்க முடியாது. தோழிகள் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு மெல்ல மறந்துபோனார்கள். பேசாதவளை மறப்பது எளிது.

மறக்காதவள் ஒருத்திதான், என் அறைத்தோழி ஸ்டெல்லா. கடற்கரை ஊர்க்காரி, கத்தோலிக்கப் பெண், மீன்பிடிக் குடும்பம். அவள் மெதுவாகப் பேசினாலே மாடிக்குக் கேட்கும். என் ஆய்வு தாமிரபரணியின் சின்ன மீன்களைப் பற்றியது. அதை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

"அயிரையெல்லாம் ஒரு மீனாட்டி? எங்கப்பா அதக் கண்டா வலையில ஒட்டுன பாசின்னு உதறிப் போட்டுருவாரு" என்பாள். என் முகம் வாடியிருந்தால், "ஆத்து மீனும் பேசாது, நீயும் பேச மாட்டேங்க. நல்ல பொருத்தம்" என்பாள். சிரிப்பு வரும். சிரிக்கவும் சத்தம் வராது. அதைப் பார்த்து அவள் இன்னும் சிரிப்பாள்.

சாயங்காலம் செபமாலையை எடுத்துக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்காருவாள். "உனக்கும் சேத்து நானே சத்தமா சொல்லுதேன் மக்கா" என்பாள். பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டுவார்கள்.

அவள் தூங்கிய பிறகு நான் ஜெபிக்க முயல்வேன். முதலில் எனக்கு ஜெபிக்கவே தெரியவில்லை. சிறு வயதிலிருந்து சத்தமாக ஜெபித்துப் பழகியவள். சத்தம் இல்லாமல் சொன்னது ஜெபமாகவே தோன்றவில்லை. ஆண்டவரும் அம்மாவைப்போலத் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறார் என்று நினைத்து அழுதேன். அழுது தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பேன். பல நாட்கள் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை, அந்தச் சும்மா இருப்பதே ஜெபமாகிவிட்டது. எனக்கு முன்னால் யாரோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல் இருந்தது. பயம் குறைந்தது. குரல் மட்டும் வரவில்லை.

மார்ச்சில் மருத்துவர் பேச அனுமதித்தார். காற்றோடு கலந்த மெல்லிய குரல். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். சுற்றிலும் சத்தம் இருந்தால் ஒரு முழம் தள்ளிக்கூடக் கேட்காது. அரங்கத்து மைக்கில் முயன்று பார்த்தோம். புயல் வீசுவதுபோல் இரைச்சல்தான் வந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள்: "கேள்விக்கு எழுதிக் காட்டலாம், நான் கேட்டுப் பாக்கேன். இல்லன்னா அடுத்த பேட்ச் கூட வச்சுக்கலாம். ஒரு வருஷம்தான. யாரும் உன்னத் தப்பா நினைக்க மாட்டாங்க."

அடுத்த வருடம் என்றால் நான் திரும்பி வருவேனா என்பது எனக்கே சந்தேகம். வீட்டில் அப்பா ஏற்கெனவே, "போதும் தாயி, உடம்பப் பாரு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எழுதிக் காட்டவும் மனம் ஒப்பவில்லை. என் வேலையை என் வாயால் சொல்ல வேண்டும். "நான் பேசுதேன் மேடம்" என்றேன். அவர்கள் கேட்பதற்காகக் குனிந்தார்கள்.

ஏப்ரலில் வீட்டுக்குப் போயிருந்தபோது தங்கபுஷ்பம் சித்தி வந்தார்கள். எப்போதும் வாசலிலேயே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நுழைகிறவர்கள் அன்று பைய வந்து உட்கார்ந்தார்கள்.

"நான் போட்ட சத்தத்துல உன் குரல முழுங்கிட்டேன் புள்ள" என்றார்கள்.

"இல்ல சித்தி, காய்ச்சல்ல போனதுதான்" என்றேன். காதருகில் போய் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. வைவா நாளையும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்து போனார்கள்.

அந்த நாள் வந்தது. கத்திரி வெயில். அரங்கத்துக்கு வெளியே காத்திருந்தபோது ஸ்டெல்லா வேகமாக வந்தாள். முதல்முறையாக அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"மக்கா, வந்திருக்குத ஆளுக்குக் காது மந்தமாம். காதுல மிசின் வச்சிருக்காரு. முன்னால போனவ தொண்ட கிழிய கத்திட்டு வாரா."

இத்தனை மாத ஜெபத்துக்கு இதுவா பதில்? குரல் இல்லாதவளுக்குக் காது கேளாத தேர்வாளரா? சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். கேட்க எதுவும் தோன்றவில்லை. "நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் உள்ளே சொன்னேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் ஜூனியர்கள். மேலே பழைய மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. நான் பேசத் தொடங்கினேன். முன்வரிசைக்கே கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். வழிகாட்டி எழுந்து என் நிலையைச் சொல்லப் போனார்கள். தேர்வாளர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். வயதானவர், நரைத்த மீசை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு மிக அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"என்னாச்சும்மா தொண்டைக்கு?"

சொன்னேன். அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே பார்த்தார்.

"எனக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. மிச்சக் காதையும் இந்த ஃபேன் தின்னுருது. காலையில இருந்து எல்லாரும் கத்துறாங்க, ஒண்ணும் வெளங்கல." அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஃபேனையெல்லாம் நிறுத்துங்க. ஜன்னலையும் சாத்துங்க. யாரும் அசையக் கூடாது. வேர்த்தா வேர்க்கட்டும்."

மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. திருநெல்வேலி மே மாதத்தில், மூடிய அரங்கத்தில், அத்தனை பேரும் வியர்வை வழிய அசையாமல் இருந்தார்கள். பேனா உருளும் சத்தம்கூட இல்லை. என் மெல்லிய குரல் கடைசி வரிசை வரைக்கும் போவதை நான் பார்த்தேன். அங்கே ஒரு பெண் தலையசைத்தாள்.

பேசினேன். கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "கோடையில ஆத்துல தண்ணி வத்தும்போது இந்தச் சின்ன மீனெல்லாம் எங்கம்மா போகுது?"

"கரையோரத்துல மருத மரத்து வேருக்கு அடியில கயம்னு ஆழமான குழி இருக்கும் சார். அங்கன ஒதுங்கி, திரும்பத் தண்ணி வார வரைக்கும் இருக்கும்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். வேருக்குள்ள கை விட்டுப் பாத்தேன்."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டவையெல்லாம் தேர்வுக் கேள்விகளாகவே இல்லை. அந்த ஆற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் கேட்பதுபோல் இருந்தது. முடித்ததும் எழுந்து நின்று, "இன்னைக்கு எனக்கு முழுசாக் கேட்டது இந்தப் புள்ள பேசினதுதான்" என்றார். வெளியே வந்ததும் ஸ்டெல்லா என்னைத் தூக்கிச் சுற்றினாள். "ஏட்டி, உன் அயிரைக்காக அம்புட்டு பேரும் அவிஞ்சோம்!" என்று வராந்தா அதிரக் கத்தினாள். நான் முதல் வகுப்பில் தேறினேன்.

சாயங்காலம் அம்மாவின் போனில் தங்கபுஷ்பம் சித்தி பேசினார்கள்.

"புள்ள, நீ சொன்ன நேரத்துக்கு நாங்க பெண்களெல்லாம் நம்ம சபைக் கோயில்ல கூடினோம். ஒருத்தி வாயத் தொறக்கல. சத்தமில்லாம ஜெபிக்கணும்னு நாந்தான் சொன்னேன். ஏயப்பா, நான் ஆயுசுல பட்ட பெரிய பாடு அதுதான். முந்தானைய வாயில கவ்விக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எந்த நேரம் என்று மறுபடியும் கேட்டேன். மின்விசிறிகள் நின்றிருந்த அதே நேரம்தான். போனைப் பிடித்தபடி அழுதேன். நான் எனக்குக் குரல் கேட்டேன். ஆண்டவரோ என்னைச் சுற்றிலும் அமைதியைத் தந்தார். இவர் வேண்டாமே என்று நான் பயந்த மனிதரைக் கொண்டே அதைச் செய்தார்.

குரல் ஜூலையில் வந்தது. சான்றிதழ் வாங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பேருந்தில் நான் முதலில் ஏறிவிட்டேன். அம்மா படியில் கால் வைப்பதற்குள் பேருந்து நகர்ந்தது. "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! அம்மா ஏறல!" என்று கூப்பிட்டேன். பேருந்து நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். கீழே நின்ற அம்மா, பேருந்தில் ஏற மறந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மருத்துவர் சொன்ன காலத்துக்குள்தான் வந்தது, இதில் என்ன அற்புதம் என்று சிலர் கேட்கலாம். நான் வாதாட மாட்டேன். மருத்துவரைத் தந்தவருக்கும் நன்றி, நரம்பைப் படைத்தவருக்கும் நன்றி. ஆனால் குரல் திரும்பி வந்ததைவிட, அது இல்லாத நாளில் நான் கேட்கப்பட்டதுதான் எனக்குப் பெரியது.

இப்போது ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு, அது போகாது போலிருக்கிறது. வகுப்பில் பதிலை வாய்க்குள்ளேயே சொல்லும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். "சத்தமாச் சொல்லு" என்று நான் சொல்வதில்லை. அவர்கள் மேசைக்கு அருகே போய்க் குனிந்து கேட்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஜெபிக்கச் சத்தம் இல்லாமல் போயிருக்கலாம். துக்கத்தாலோ, வெட்கத்தாலோ, நம்பிக்கை தளர்ந்ததாலோ. கத்த வேண்டாம். சும்மா அவர் முன்னால் உட்காருங்கள். கேட்பதற்காக அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வருகிறவர். அதை நான் கண்டேன். ஆமென்.