சென்னைக்கு எத்தனை மணி நேரம்மா?

விமான டிக்கெட் கடைக்கு வருகிறவர்கள் ஊர் பெயரைச் சொன்ன கையோடு கேட்பது, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்பதுதான். மலாய் நாட்டு ரெம்பாவில் இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒன்றரை மணி நேரப் பயணம்

கெமாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணனுக்கு விமானம் என்றாலே பயம். சின்ன வயதில் பெற்றோரோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போன அவருடைய அண்ணன், சென்னையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பத்தரைக்குச் சென்னை. படித்துப் பார்த்தார், முகம் தெளிந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விமானம் கிளம்பிய பிறகு அவர் மனைவி போன் செய்தார். "ஒன்றரை மணி நேரந்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு." டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னைக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். பயணம் நாலு மணி நேரம். அதை நான் சொல்லவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். பத்தரைக்குக் கீழே வெறும் கடலைப் பார்த்ததும் விமானம் வழி தவறிவிட்டது என்றே நினைத்தாராம். பிறகு சொன்னார்: "நீ சொல்லாததே நல்லதாப் போச்சு தங்கச்சி. நாலு மணி நேரம்னு தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டேன்லா, எங்கண்ணன் முகத்தையும் பார்த்திருக்க மாட்டேன்."

லண்டனுக்குப் பதினாலு

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற மேரியக்கா, மகளின் பிரசவத்துக்கு லண்டன் போனார். இங்கே அவருக்கு வேறு யாரும் இல்லாததால் என் நம்பரை மருமகனிடம் கொடுத்திருந்தார். விமானம் ஏறி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, மருமகன் கூப்பிட்டான். மகளுக்கு வலி முன்கூட்டியே வந்து, உடனே அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்களாம். மேரியக்காவோ வானத்தில் இருக்கிறார்; யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அன்று கடையைப் பூட்டும்வரை போனைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் கடையைத் திறக்கும்போது மேரியக்காவே கூப்பிட்டார். குரலில் சிரிப்பு. "பதினாலு மணி நேரம் உக்காந்தே வந்தேன், எம் பேத்தி எனக்கு முந்தி வந்து சேர்ந்துட்டாம்மா."

நேராகத் திருச்சி

சி ரூசா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், கைலியோடு ஓடிவந்தார். ராமநாதபுரம் பக்கம் ஊரில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நெஞ்சுவலி. சென்னைக்குத்தான் கேட்டார். அங்கிருந்து காரில் போக ஒரு பகல் முழுக்க ஆகும், திருச்சியில் இறங்கினால் பாதி நேரம்தான் என்று சொல்லித் தேடினேன். மதிய விமானத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. நாலு மணி நேரம் ஆகாயம், நாலு மணி நேரம் ரோடு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார்.

மூன்று நாள் அவர் போன் அணைந்தே கிடந்தது. நானும் கேட்கப் பயந்து கூப்பிடுவதை விட்டுவிட்டேன். நாலாம் நாள் அவரே பேசினார். "வழி முழுக்க அழுதுகிட்டே போனேன்மா. அத்தா கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்துட்டு, 'கடையை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?'ன்னு கேக்குறாரு."

எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்பது எனக்கு மனப்பாடம், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவர்கள் கூப்பிட எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத்தான் என் கம்ப்யூட்டர் இன்னும் காட்ட மாட்டேன் என்கிறது.